மனை போடுவதற்கு முன் வரைபடம் போடுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் நிலத்தின் விலை இனி மழையைப் பார்த்து ஏறி இறங்கப் போவதில்லை. சாலையையும் சிப்காட்டையும் ரயிலையும் பார்த்து ஏறப்போகிறது. நல்லம்பள்ளி வட்டத்தில் அதகபாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி கிராமங்களைச் சுற்றிச் சுமார் 1,700 ஏக்கரில் அரசின் சிப்காட் தொழிற்பூங்கா உருவாகிறது. சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் ஊடே ஓடுகிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் அகல ரயில்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டு நில எடுப்புப் பணி தொடங்கியது. வடக்கே ஓசூரின் வளர்ச்சி ஒவ்வோர் ஆண்டும் தெற்கு நோக்கி நகர்கிறது. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாள்முதல் பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரைச் சுமந்து, பிள்ளைகளைத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு மண்ணுக்கு இவை நல்ல செய்திகள். ஆனால் எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம், எதை ஏராகவும் ஏரியாகவும் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லும் நில உபயோக வரைபடம், மனைகள் விற்றுத் தீர்வதற்கு முன்னால் வந்தாக வேண்டும். அந்த வரைபடத்தின் முதல் கோடு தண்ணீரின் வழியாக இருக்க வேண்டும். இந்த வரிசை தப்பினால், வளர்ச்சி தரும் நன்மையின் பெரும்பகுதியை அதனால் விளையும் சேதத்தைச் சரிசெய்யவே செலவிட நேரும்.

நிலத்தை அதன் பயனுக்கேற்பப் பகுதிகளாகப் பிரித்து நெறிப்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணம் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமே இன்றும் அடிப்படை. ஒரு நகரத்துக்கும் அதைச் சூழ்ந்த ஊர்களுக்கும் முழுமைத் திட்டம் தயாரித்து, குடியிருப்பு, வணிகம், தொழில், பொதுப் பயன்பாடு, திறந்தவெளி, வேளாண்மை என ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய உபயோகத்தை அறிவிக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், திட்டத்தின் எல்லைக்கும் ஊரின் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளியில். தருமபுரி நகராட்சியின் பரப்பு 12 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 68,619. மாவட்டத்தின் மக்களோ 15 லட்சத்துக்கு மேல்; அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் அதிகமானோர் 251 ஊராட்சிகளில் பரவியிருக்கும் கிராமவாசிகள். நகரம் இன்று வளர்வது நகராட்சி எல்லைக்குள் அல்ல. இலக்கியம்பட்டி, அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி, சோகத்தூர் என்று சாலையோரமாக நீளும் ஊராட்சிகளில்தான். மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அதை விலக்கி, மலைச்சரிவுகளையும் விலக்கினால் எஞ்சும் சமவெளியில்தான் ராகியும் நிலக்கடலையும் மாந்தோப்பும், வீடும் ஆலையும் இடம் தேட வேண்டும். கைவசம் இருக்கும் நிலம், பார்வைக்குத் தோன்றுவதைவிட மிகக் குறைவு.

முழுமைத் திட்டம் எட்டாத ஊர்களில் இப்போது நடப்பது என்ன? அங்கே விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால், சட்டத்தின் 47-அ பிரிவின்படியும் 2017-இல் வந்த விதிகளின்படியும் நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நஞ்செய் என்றால் கண்காணிப்பு கூடுதல். புஞ்செய் என்றால் குறைவு. இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. ஒரு மூன்று ஏக்கர் மனைப்பிரிவால் ஊர் கெட்டுவிடாது என்று ஒவ்வொரு முறையும் நியாயமாகவே சொல்லிவிடலாம். அப்படி முப்பது மனைப்பிரிவுகள் சேர்ந்த பிறகு பள்ளிக்கு இடமில்லை, பேருந்து திரும்ப வழியில்லை, மழைநீர் போக ஓடையில்லை. மொத்தத்தைப் பார்க்கும் கண் எந்த மேசையிலும் இல்லை. இரண்டாவது குறை தருமபுரிக்கே உரியது. நஞ்செய்யை உயர்வாகவும் புஞ்செய்யைத் தாழ்வாகவும் வைத்த பிரிவினை, நிலவரி வசூலுக்காகச் செய்யப்பட்ட ஒன்று. பாசன நிலம் அதிக வரி தரும் என்பதால் அதற்கு மதிப்பு. ஆனால் தருமபுரியின் வேளாண்மை புஞ்செய்யில்தான் நிற்கிறது. பாலக்கோட்டுத் தக்காளியும், அரூர்ப் பக்கத்து மரவள்ளியும், காரிமங்கலம் மாந்தோப்புகளும், மாவட்டத்தின் பட்டுக்கூட்டுக்கு ஆதாரமான மல்பெரித் தோட்டங்களும் பெரும்பாலும் கிணற்றையும் மழையையும் நம்பிய மேட்டு நிலங்களில் விளைபவை. காவிரிப் படுகைக்குப் பொருந்தும் அளவுகோலை இங்கே வைத்து அளந்தால், மாவட்டம் எந்த நிலத்தால் உண்கிறதோ அதுவே முதலில் மனையாகும்.

தண்ணீரின் கணக்கு இதைவிடக் கடுமையானது. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி; தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் அது பாழாக்கியிருக்கிறது. அதற்கு மாற்றாகவே ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் குடிநீர் குழாயில் வந்தாலும் விவசாயமும் கால்நடையும் கிணற்றையே நம்பியுள்ளன. கிணற்றை நிரப்புவது ஏரி. ஏரியை நிரப்புவது வரத்து வாய்க்கால். இந்த வாய்க்கால்கள் வருவாய்த் துறையின் புலப்படங்களிலும் ‘அ’ பதிவேட்டிலும் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இன்றும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏட்டில் உள்ள பல, தரையில் மறைந்துவிட்டன. தருமபுரி நகரைச் சுற்றியுள்ள ராமாக்காள் ஏரி, பிடமனேரி, இலக்கியம்பட்டி ஏரி ஆகியவற்றின் நிலையும், நகரத்தின் கழிவைச் சுமக்கும் சனத்குமார நதியின் நிலையும் ஊரறிந்தவை. ஏரியின் நீர்ப்பரப்பை வேலியிட்டுக் காப்பது மட்டும் போதாது என்பதற்கு இவையே சான்று. 2007-இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஏரிக்குள் புகுந்த கட்டடத்தை அகற்ற இவை உதவும். ஏரிக்கு நீர் தரும் பட்டா நிலத்துச் சரிவில் எத்தனை வீடு வரலாம், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று சொல்ல, நில உபயோகத் திட்டத்தால் மட்டுமே முடியும்.

வறண்ட மாவட்டத்துக்கு இவ்வளவு வாய்க்கால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பர் முதல் வாரம் விடை சொன்னது. ஃபெஞ்சல் புயலின் தொடர்ச்சியாக அரூரில் ஒரே நாளில் சுமார் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்து ஊத்தங்கரையில் அது 50 சென்டிமீட்டர். வறட்சி என்பது மழையே பெய்யாமை என்று மட்டும் பொருள்படாது. பெய்யும்போது ஒருசேரப் பெய்வதும் அதன் இன்னொரு பக்கம். அந்த நாளின் நீரைத் தடுத்துத் தேக்கினால் கோடை கழியும். வழியை மூடினால் தெருவில் வெள்ளம், மறு மாதம் வறட்சி. காவிரியின் உபரிநீரை ஏற்றிக் கொண்டுவந்து மாவட்டத்தின் ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது இங்கே கட்சி வேறுபாடில்லாமல் ஒலிக்கும் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. ஆனால் ஏரிக்கு ஏரி நீரைக் கடத்தும் வாய்க்காலின் மேல் மனைக்கற்கள் நடப்பட்டுவிட்டால், ஒகேனக்கல்லில் இருந்து எத்தனை கன அடி ஏற்றினாலும் அது எந்த வழியாகப் போகும்? உபரிநீர் கேட்கும் அதே குரல், அந்த நீர் போகும் வழியை வரைபடத்தில் பூட்டி வைக்கவும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காலம் தாழ்த்தினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, தமிழ்நாடு முழுவதும் மகளின் கல்யாணத்துக்காகவும் ஓய்வுக்காலத்துக்காகவும் மனை வாங்கி வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல், வீடு கட்டக் கடன் வாங்கவும் முடியாமல் தவித்தார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் பெற்று அங்கீகாரம் தரப்பட்டது. மனையின் தாளைச் சீராக்க அது உதவியது. ஆனால் விற்றுத் தீர்ந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கும் அகலச் சாலைக்கும் உரிய நிலத்தை எந்தக் கட்டணமும் மீட்டுத் தராது. இரண்டாவது சான்று தருமபுரியின் சொந்தச் சரித்திரத்தில் இருக்கிறது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறும்பாதை ரயில் வந்தது. பின்னர் அது ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது 1941-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே இரண்டு ஊர்களை இணைக்க மீண்டும் பட்டாதாரர்களிடமிருந்து நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் பொதுப்பயனுக்கென்று இருந்த பாதை வருங்காலத்துக்கென்று வரைபடத்தில் காக்கப்படாவிட்டால், பேரன் தலைமுறை அதை மறுபடி விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிக வலுவானது விவசாயியின் குரல். ‘என் நிலத்தை வேளாண் பகுதி என்று எழுதிவிட்டால் அதன் விலை விழும். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கோடீஸ்வரர் ஆவார். நான் மட்டும் ஊருக்காக ராகி விதைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?’ இதை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கிணறு வற்றி, கூலிக்கு ஆள் கிடைக்காமல், தக்காளியைக் கிலோ சில ரூபாய்க்கு விற்க முடியாமல் சாலையில் கொட்டிய விவசாயிக்கு நிலமே கடைசிச் சேமிப்பு. கோடு போட்டுவிட்டு அவரைக் கைவிடும் திட்டம் அநீதியானது. ஆனால் இதற்குத் தீர்வு உண்டு. குஜராத்தில் பல காலமாக நடைமுறையில் இருக்கும் நகரமைப்புத் திட்ட முறையில், ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் எல்லாரும் தத்தம் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பொதுப்பயனுக்கும் விட்டுக்கொடுத்து, எஞ்சியதைச் சீரான வடிவில் திரும்பப் பெறுகிறார்கள். ஆமதாபாத்தின் சுற்றுச்சாலை நிலத்தின் பெரும்பகுதி இப்படிக் கிடைத்ததுதான். இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பகிரப்படுகிறது. ஏறும் விலையும் பகிரப்படுகிறது. தமிழ்நாட்டின் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு இடம் தரப்பட்டுள்ளது. தருமபுரியைச் சுற்றி வீட்டுக்கென ஒதுக்கும் பகுதிகளில் இதைச் செய்து காட்டலாம். வேளாண் பகுதியாகவே நீடிக்கும் நிலங்களுக்கு நுண்ணீர்ப் பாசனம், குளிர்பதனக் கிடங்கு, பண்ணைக்குட்டை ஆகியவற்றில் முன்னுரிமையைச் சட்டமாகவே எழுதித் தர வேண்டும். இன்றைய நிலையில் விலை ஏற்றத்தின் பலன் விவசாயிக்குத்தான் போகிறது என்று நினைப்பதும் தவறு. ஏக்கர் கணக்கில் விற்பவர் விவசாயி. சதுர அடிக் கணக்கில் விற்பவர் வேறொருவர். எங்கே என்ன வரப்போகிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால், அதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மட்டும் லாபம் பார்க்கும் நிலை மாறும்.

இரண்டாவது எதிர்ப்பு, வேலைவாய்ப்பின் பெயரால் வருகிறது. ஏங்கி ஏங்கி இப்போதுதான் தொழில் வருகிறது. அதற்குள் கட்டுப்பாடு என்று சொன்னால் முதலீட்டாளர்கள் ஓசூரிலேயே தங்கிவிடுவார்கள் என்பது அந்த வாதம். உண்மையில் தொழில் அஞ்சுவது தெளிவில்லாமைக்கு. ஆலைக்கு அருகே குடியிருப்பு வளர்ந்து, பத்தாண்டு கழித்து அந்தக் குடியிருப்பே ஆலையை மூடச் சொல்லிப் போராடும் நிலை எந்த முதலாளிக்கும் வேண்டாம். புகைக்கும் கழிவுக்கும் நடுவே வாழும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வேண்டாம். அது மட்டுமல்ல, வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானோர் எங்கே தங்குவார்கள் என்பதற்குச் சிப்காட்டின் வரைபடம் மட்டும் விடை தராது. அவர்களுக்கான வாடகை வீடு, கடை, பள்ளி, பேருந்துத் தடம் எல்லாம் வேலிக்கு வெளியே இருக்கும் ஊராட்சிகளில் வர வேண்டும். அவற்றுக்கு இப்போதே இடம் குறிக்காவிட்டால் ஏரிக்கரையும் ஓடைக்கரையும்தான் ஏழைத் தொழிலாளியின் முகவரியாகும். பிறகு ஆக்கிரமிப்பாளர் என்று அவரையே அப்புறப்படுத்துவோம். அமெரிக்காவில் 1920-களில் பரவிய மண்டலப் பிரிவு, வாடகைக் குடியிருப்புகளைத் தள்ளிவைத்து வசதியுள்ளவர்களின் தெருக்களைக் காக்கும் கருவியானது. அந்தத் தவறை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்குக் கீழே கடை, தெருமுனையில் பட்டறை என்று கலந்து வாழ்வது நம் ஊர்களின் வலிமை. அதைப் பிரிக்கக் கூடாது. நஞ்சு கலக்கும் தொழிலையும், நீர்வழியையும், நல்ல விளைநிலத்தையும் மட்டும் கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு அனுபவத்தின் கசப்பிலிருந்து எழுகிறது: திட்டங்கள் தாளில்தான் இருக்கும், கோடுகள் செல்வாக்குள்ளவருக்கு வளையும். இதற்கும் ஆதாரம் உண்டு. கோயம்புத்தூரின் முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில் வெளியாகும்வரை, ஒரு பெருநகரம் முப்பது ஆண்டுகள் பழைய வரைபடத்தையும் அதன்மேல் ஒட்டிய நில உபயோக மாற்ற ஆணைகளையும் வைத்தே வளர்ந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இன்னொரு பலவீனத்தைக் காட்டுகிறது. பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வெளியான மூன்றாண்டுக்குள் அரசு எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு தானாக நீங்கிவிடும். உரிமையாளரை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடாமல் காப்பதற்கு இது நியாயமான விதி. ஆனால் பணமில்லாத நகராட்சி வரைந்த பூங்காக்கள் எல்லாம் மூன்றாண்டில் அழிந்துபோகும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். இந்தத் தோல்விகள் திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி திருத்தப்படாத திட்டமும், பணம் ஒதுக்காத திட்டமும், மக்கள் பார்க்காத திட்டமும் தோற்கும் என்றே சொல்கின்றன. நல்ல முன்மாதிரிகளும் உள்ளன. சென்னையின் 2008-ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்டம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் கடற்கரையோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதியையும் தனிப் பகுதிகளாக்கிக் கட்டுமானத்தை வரம்புக்குள் வைத்தது. கேரளம் 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, ஊராட்சிதோறும் காக்க வேண்டிய நிலங்களைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, விவசாயிகளும் அமரும் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தது. அங்கும் விதிமீறல் உண்டு; ஆனால் எது மீறல் என்பதை ஊரார் சுட்டிக்காட்ட ஒரு பட்டியல் கையில் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

ஆகவே தருமபுரிக்கு வேண்டியவை தெளிவானவை. நகராட்சி, அதைச் சுற்றிய ஊராட்சிகள், நல்லம்பள்ளி தொழிற்பூங்கா, புதிய ரயில்பாதை, நெடுஞ்சாலையோரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே திட்ட எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்குப் புவித்தகவல் முறையில் முழுமைத் திட்டம் வகுக்க மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் நிதி உண்டு. தருமபுரியின் அளவு அதற்குப் பொருந்துகிறது. வரைவின் முதல் அடுக்கில் ஒவ்வோர் ஏரியும் வரத்து வாய்க்காலும் உபரிநீர் ஓடையும் புலப்படத்திலிருந்து எடுத்துக் குறிக்கப்பட வேண்டும். இருபுறமும் கட்டுமானம் கூடாத அகலமும் எழுதப்பட வேண்டும். இரண்டாம் அடுக்கில் நல்ல புஞ்செய்யும் தோப்புகளும் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியான பரப்புகளாகக் காக்கப்பட வேண்டும். அதன் பிறகே வீட்டுக்கும் தொழிலுக்கும் தாராளமாக, சாலைகளையும் வரைந்து, இடம் ஒதுக்க வேண்டும். வரைவின்மீது ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் தரும் இரண்டு மாதக் கால அவகாசம், அரசிதழில் ஓர் அறிவிப்போடு கழிந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் அதன் வரைபடம் தமிழில், சர்வே எண்களோடு கிராமசபையில் விரிக்கப்பட வேண்டும். பட்டாவை இணையத்தில் பார்க்கும் ஒவ்வொருவரும் அதே பக்கத்தில் தன் நிலத்தின் உபயோகத்தையும் பார்க்க முடிய வேண்டும். பின்னாளில் யாருக்காவது நில உபயோக மாற்றம் தரப்பட்டால், யாருக்கு, ஏன், எந்த நிபந்தனையில் என்பது காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் திருத்தப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை உரிய நேரத்தில் பயன்படுத்தும் முனைப்பே தேவை. அந்த நேரம் சிப்காட்டின் ஆலைகள் முழுமூச்சில் ஓடத் தொடங்கிய பிறகு வருவதல்ல. மனைக்கற்கள் நடப்படாமல் நிலம் இன்னும் நிலமாக இருக்கும் இந்த ஆண்டுகள்தான். மாவட்ட நிர்வாகமும் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழில் கேட்டுப் போராடிய அதே உறுதியோடு இந்த வரைபடத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.